இரும்பும் நிய்யத்தும்

அச்சரப்பாக்கத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் வந்து நம் அருகில் அமர்ந்தார். திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். ஏர்க்கொழுவும் மண்வெட்டியும் அடித்துக் கொடுத்த குடும்பம். இப்பொழுது கதவும் சன்னல் கம்பியும் செய்து கொடுக்கிறது. சற்று நேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தி, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். துப்பாக்கி செய்யறவனுக்கு, அதாலே நடக்கிற பாவத்திலே பங்கு உண்டா?" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். பெரியவர் விவரமாகச் சொன்னார். அவருடைய பேரன் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கிறான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்பர்க் நகரில், வாலஸ் கஸ்லர் என்னும் கைவினைஞர் பதினெட்டாம் நூற்றாண்டு முறைப்படியே ஒரு துப்பாக்கியைத் தொடக்கம் முதல் முடிவு வரை கையாலேயே செய்து காட்டும் ஆவணப்படம் ஒன்று 1969இல் வெளிவந்தது. அதனைக் கைப்பேசியில் பார்த்த நாள் முதல், சிறு குழலுள்ள, வாய்வழியே மருந்து இடிக்கும் அத்தகைய துப்பாக்கி ஒன்றைத் தானும் செய்ய வேண்டும் என்று பிள்ளை பித்துப் பிடித்தவன் போல் இருக்கிறானாம். "சுடறதுக்கு இல்லே, செஞ்சு பாக்கறதுக்குத்தான்" என்கிறானாம்.

பேரனைப் பற்றிய கவலை மட்டும் என்றால் அவர் குரல் அவ்வளவு தாழ்ந்திராது. பெரியவரின் தந்தையார், அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், அக்கம்பக்கத்து நாட்டுத் துப்பாக்கிகளுக்குப் பழுது பார்த்தவர். ஒரு நிலக்காரரின் துப்பாக்கியில் தேய்ந்து போன குதிரையைச் சீர் செய்து கொடுத்தார். வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்டச் சென்ற இரவில் அத்துப்பாக்கி வெடித்து, காவலுக்குப் படுத்திருந்த கூலியாள் ஒருவரின் கண் போயிற்று. நிலக்காரரின் விரல் பட்டதா, குதிரை தானே நழுவியதா என்பது எவருக்கும் விளங்கவில்லை. காவல் நிலையத்திலும் பஞ்சாயத்திலும் பட்டறைக்காரரை எவரும் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் அன்று முதல் அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு மூட்டை நெல்லை அந்தக் கூலியாளின் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிவிடுவார். மௌத்தாகும் வரை அவ்வாறே செய்தார்.

"அத்தாவுக்குப் பாவம் உண்டா ஹஜ்ரத்? அவர் மௌத்துக்கு அப்பறம் நெல்லு கொடுக்கறதை நாங்க நிறுத்திட்டோம். அது சரியா?" என்று முடித்தார் பெரியவர்.

ஒரு மஸ்அலாவில் மூன்று மஸ்அலாக்கள் அடங்கியிருந்தன. துப்பாக்கி செய்யும் தொழில் தன்னளவில் குற்றமா? செய்தவன் கையை விட்டு அகன்ற கருவிக்கு அவன் பொறுப்பாளியா? சுடுவதற்கன்றி, செய்யும் இன்பத்துக்காகவே செய்தால் அது குற்றமற்றதாகிவிடுமா? அன்று நாம் கூறிய விடை சுருக்கமானது. பின்னர்ப் பல நாள் சிந்தித்ததை வாசகர் முன் வைக்கிறோம்.

கருவியின் வரலாறு

முதலில் பொருளை அறிந்து கொள்வோம். துப்பாக்கி என்னும் சொல்லே நமக்குத் துருக்கி, பாரசீக மொழிகளின் வழியாக வந்தது. அரபியில் அதற்குப் 'புந்துகிய்யா' என்று பெயர். 'புந்துக்' என்றால் ஒரு வகைக் கொட்டை. அக்கொட்டையைப் போல உருட்டி, வில்லில் வைத்து எறிந்த களிமண் உருண்டைக்கு அப்பெயர் வந்தது. பின்னர் ஈயக் குண்டுக்கு வந்தது. இறுதியில் குண்டை எறியும் கருவிக்கே ஆயிற்று. தோட்டத்தில் காய்த்த ஒன்றின் பெயர் உயிர் குடிக்கும் கருவியின் பெயரான இவ்வரலாறே ஒரு படிப்பினையன்றோ!

வெடிமருந்துக்கு உயிரான வெடியுப்பை, 1248இல் மறைந்த மருத்துவப் பேரறிஞர் இப்னுல் பைத்தார் 'சீனத்துப் பனி' என்று குறிப்பிட்டார். அதே நூற்றாண்டில் சிரியாவின் ஹசன் அர்ரம்மாஹ் என்பார் அவ்வுப்பைத் தூய்மையாக்கும் முறையை எழுதி வைத்தார். நோய் தீர்க்கும் நூலில் இடம் பெற்ற உப்பு போர் நூலிலும் இடம் பெற்றது. தமிழிலோ இரண்டுக்கும் 'மருந்து' என்ற ஒரே சொல்லை வழங்குகிறோம்.

கையால் குழல் செய்வது எளிய வேலையன்று. அக்பர் காலத்து முறையை அபுல் ஃபஸல் தம் ஆயினே அக்பரியில் விவரித்திருக்கிறார். இரும்பைத் தகடாக்கி, சாய்வாகச் சுருள் சுருளாக முறுக்கி, விளிம்போடு விளிம்பு பொருத்தாமல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைத்து, உலையில் சிறுகச் சிறுகக் காய்ச்சி ஒட்டுவார்கள். முன்னர்க் குழலில் கால் பங்குக்கு மேல் மருந்து நிரப்ப முடியாதிருந்தது; இம்முறையில் செய்த குழலோ வாய் வரை நிரப்பிச் சுட்டாலும் வெடிப்பதில்லை என்கிறார் அவர். குழலின் உட்புறத்தைத் துலக்க மாடு சுற்றி இயக்கும் சக்கரம் ஒன்றும் இருந்தது. நம் கருத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு செய்தி. முடிந்த ஒவ்வொரு துப்பாக்கியிலும் இரும்பு எங்கிருந்து வந்தது, எங்கே செய்யப்பட்டது, எந்த நாளில் செய்யப்பட்டது என்பவற்றோடு, செய்தவன் பெயரும் பொறிக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றிலும் கைவினைஞர் பெயரும், மௌலூதி ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சுட்டவன் பெயரை எவரும் பொறிப்பதில்லை. செய்தவன் பெயரோ இரும்பில் நிற்கிறது. இதனைப் பின்னர் நினைவு கூர்வோம்.

பட்டறைக்காரரின் பேரன் கண்ட துப்பாக்கி, குழலின் உட்புறத்தில் புரி புரியாகப் பள்ளம் வெட்டியது. எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் பொதிந்த ஈயக் குண்டு அப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்று புறப்படுவதால் குறி தவறாது. ஜெர்மானிய நாட்டுக் கைவினைஞர்கள் கொண்டு சென்ற இக்கலை பென்சில்வேனியாவில் நீண்ட மெல்லிய துப்பாக்கியாக வளர்ந்தது. மலைக்காட்டுக் குடியானவர்கள் அணில் போன்ற சிறு பிராணிகளை வேட்டையாடச் சிறு குழலை விரும்பினார்கள். ஈயமும் மருந்தும் மிச்சமாகும் என்பதே காரணம். அவ்வகையில் அது ஏழையின் கருவி.

நம் நாட்டில் அதன் உறவினர் நரிக்குறவர் தோளில் தொங்கிய நாட்டுத் துப்பாக்கி. உள்ளே புரியில்லாத வழவழப்பான குழல். வாய்வழியே மருந்தையும் நாரையும் ரவையையும் இட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டித்தல். கேப்பு வைத்துக் குதிரையைத் தட்டுதல். கௌதாரியும் காடையும் அவர்கள் அடுப்புக்கு வந்தது அவ்வழியில்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதோ 2022 டிசம்பரில்தான். துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்ன சமுதாயம், அந்தக் கைக்கு வேறொரு பிழைப்பைக் கொடுக்க அரை நூற்றாண்டு தயங்கி நின்றது. துப்பாக்கியின் பாவத்தைப் பற்றிப் பேசுகிற நாம் இந்தப் பாவத்தையும் கணக்கில் எழுதிக் கொள்ள வேண்டும்.

இரும்பா, தொழிலா?

இனி முதற்கேள்வி. இரும்பை இறக்கியருளியதாகவும், அதில் கடும் வலிமையும் மனிதர்க்குப் பயன்களும் இருப்பதாகவும் திருமறை அல்ஹதீத் அத்தியாயத்தில் கூறுகிறது. வலிமையையும் பயனையும் ஒரே பொருளில் வைத்தவன் இறைவன். ஆகவே இரும்பின் மீது குற்றமில்லை.

அவ்விரும்பை மென்மையாக்கி ஒரு நபியின் கையில் கொடுத்த வரலாறும் திருமறையில் உண்டு. தாவூத் நபி (அலை) அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட தொழில் யாது? வாள் அடிப்பதா? அன்று, கவசம் செய்வது. மனிதர் ஒருவர்மீது ஒருவர் காட்டும் வன்மையிலிருந்து காக்கும் உடையை அவர்கள் செய்தார்கள். கண்ணிகளை அளவோடு பிணைக்குமாறும் அவர்களுக்குக் கட்டளை வந்தது. கொல்லன் தொழிலுக்கு இதைவிட உயர்ந்த சிறப்பு வேறில்லை. அச்சிறப்பு காக்கும் பொருளின்மீதும் அளவு தவறாத வேலைப்பாட்டின்மீதும் வைக்கப்பட்டிருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதனால் ஆயுதம் செய்வது கூடாது என்று ஆகிவிடுமா? ஆகாது. ஓர் அம்பின் காரணமாக மூவர் சுவனம் புகுவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூத், திர்மிதி முதலிய தொகுப்புகளில் காண்கிறோம். எய்தவர் ஒருவர், எடுத்துக் கொடுத்தவர் ஒருவர், நன்மையை நாடி அதனைச் செய்தவர் ஒருவர். செய்தவனுக்குக் கூலியில் பங்கு உண்டு என்பது இதனால் தெளிவாகிறது. கூலியில் பங்கு உண்டு என்றால் குற்றத்தில் மட்டும் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஃபிக்ஹ் அறிஞர்கள் இச்சிக்கலை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதைப் பற்றி இமாம் புகாரி (ரஹ்) ஒரு தனிப் பாடமே அமைத்து, இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் அதனை வெறுத்ததைக் குறிப்பிடுகிறார்கள். 1197இல் மறைந்த இமாம் மர்ஃகீனானி (ரஹ்) தம் ஹிதாயாவில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்கள். குழப்பம் செய்வோர்க்கு ஆயுதம் விற்பது மக்ரூஹ்; ஆயுதமாக மாறக்கூடிய இரும்பை விற்பது மக்ரூஹ் அன்று. ஏனெனில் இரும்பு, தொழில் ஒன்று புகுந்தால் அல்லாது ஆயுதமாகாது. திராட்சை வேறு, மது வேறு என்பது போன்றதே இது.

இத்தீர்ப்பைப் பன்முறை ஓதியும் ஓதிக் கொடுத்தும் இருக்கிறோம். பட்டறைக்காரர் கேட்ட பின்னரே இதன் மறுபக்கம் நமக்குத் தெரிந்தது. இரும்பு விற்றவனை விடுவிக்கும் அதே வாக்கியம், கைவினைஞனைத் தேடி வருகிறது. குற்றமற்ற இரும்புக்கும் குற்றம் செய்யவல்ல ஆயுதத்துக்கும் நடுவே நிற்பது தொழில். அத்தொழிலின் பெயர் அவன் கை. ஆகவே 'நான் இரும்பைத்தானே அடித்தேன்' என்று இரும்பு வணிகன் சொல்லும் சொல்லை அவன் சொல்ல இயலாது. தொழில் ஹலால்தான்; ஆனால் யாருக்கு, எப்பொழுது, எதற்கு என்னும் மூன்று கேள்விகளைக் கேளாமல் செய்வதற்கு ஹலால் அன்று.

தொழில் மனிதனுக்குச் செய்வது ஒன்றும் உண்டு. கஃபன் துணி விற்பவன் பிறர் மரணத்தை எதிர்பார்த்திருப்பான், அறுக்கும் தொழில் உள்ளத்தை இறுகச் செய்யும் என்று முன்னோர் சில தொழில்களை விரும்பாததை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துக் கூறுகிறார்கள். அவை ஹராமான தொழில்கள் அல்ல, சமுதாயத்துக்கு வேண்டியவை. என்றாலும் நாள்தோறும் செய்யும் வேலை நம் உள்ளத்தையும் செதுக்கிக் கொண்டிருக்கிறது என்பதே அவர்கள் தரும் எச்சரிக்கை.

நெல் மூட்டையின் நியாயம்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் சட்டத்தொகுப்பின் தொண்ணூறாவது விதி, நேரடியாகச் செய்தவனும் காரணமாக அமைந்தவனும் ஒருங்கே இருந்தால், தீர்ப்பு நேரடியாகச் செய்தவனையே சேரும் என்கிறது. இதன்படி, நிலக்காரரின் விரல் பட்டு வெடித்திருந்தால் பொறுப்பு நிலக்காரருடையது. பழுது பார்த்தவருடையது அன்று.

குதிரை தானே நழுவியிருந்தால்? அப்பொழுது தீர்ப்பு மாறுகிறது. மருத்துவம் அறியாதவன் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவனே ஈடு செய்ய வேண்டும் என்பது நபிமொழி. கைவினைஞர்கள் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குப் பொறுப்பாளிகள் என்று அலீ (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாகவும் நூல்கள் கூறுகின்றன. அறிவும் கவனமும் உள்ளவன் முறையாகச் செய்தும் தீங்கு நேர்ந்தால் ஒரு நிலை. அரைகுறையாகச் செய்து கொடுத்துக் காசு வாங்கினால் வேறொரு நிலை. ஆகவே தொழிலில் திருத்தம் என்பது வெறும் அழகன்று, அது அமானிதம். கொல்வதாக இருந்தாலும் அழகுறச் செய்யுங்கள், அறுக்கும் கத்தியைத் தீட்டிக் கொள்ளுங்கள், பிராணியை வதைக்காதீர்கள் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். மழுங்கிய கத்தியும் தேய்ந்த குதிரையும் வேலையில் மட்டுமன்றி மார்க்கத்திலும் குறை.

அன்றிரவு நடந்தது எது என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஐயத்தின் பேரில் ஒருவர்மீது ஈட்டுத் தொகையை விதிக்க எந்தக் காழியாலும் இயலாது. எனவே ஃபத்வா கேட்டிருந்தால் அத்தந்தையாருக்கு ஒரு படி நெல்லும் கடமையில்லை என்றுதான் எழுதியிருப்போம். ஆனால் அவர் எவரிடமும் ஃபத்வா கேட்கவில்லை. தம் உள்ளத்திடம் கேட்டார். ஃபத்வா முடிகிற இடத்தில் தக்வா தொடங்குகிறது என்பதற்கு, அந்தத் திண்ணையில் இறங்கிய நெல் மூட்டையைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை. தம்மீது குற்றம் உண்டா இல்லையா என்று வாதிடாமல், 'ஒரு கண் போயிருக்கிறது, என் கை அருகில் இருந்திருக்கிறது' என்ற அளவில் அவர் நின்றார்.

சிறு கல்லை விரலால் சுண்டி எறிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியை அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கிறார்கள். அது வேட்டையை வீழ்த்தாது, பகைவனையும் காயப்படுத்தாது. கண்ணைப் போக்கும், பல்லை உடைக்கும் என்பதே காரணம். ஒரு கூழாங்கல்லுக்கே இவ்வளவு முன்யோசனை என்றால், மருந்தும் ஈயமும் நிறைந்த குழலுக்கு எவ்வளவு வேண்டும்!

நிய்யத்தின் ஆயுள்

மூன்றாவது கேள்வியே கடினமானது. பேரன் கெட்ட பிள்ளையல்லன். இரும்பின் மீதும் மரத்தின் மீதும் அவனுக்குக் காதல். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் அடிப்படையை நாம் அவனுக்கு மறுக்க இயலாது. சுவரில் மாட்டி வைக்கும் அழகுப் பொருளாகச் செய்கிறேன் என்பவன்மீது கொலைகாரனின் சுமையை ஏற்றுவது நீதியன்று.

ஆயினும் நாம் இவ்வாறு எண்ணிப் பார்த்தோம். நிய்யத் எங்கே இருக்கிறது? செய்தவன் நெஞ்சில். அவன் மௌத்தாகும் நாளில் அதுவும் அவனோடு கபுருக்குப் போய்விடுகிறது. இரும்போ போவதில்லை. திப்பு சுல்தான் 1799இல் ஷஹீதானார். அவருக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளைக் கொள்ளையிட்டவர்கள் கடல் கடந்து கொண்டு சென்றார்கள். தம் நாட்டைக் காக்க என்று எண்ணிச் செய்த கைகளின் எண்ணத்தை அவர்கள் கொண்டு செல்லவில்லை. இரும்பை மட்டும் கொண்டு சென்றார்கள். கருவியின் ஆயுள் நிய்யத்தின் ஆயுளைவிட நீண்டது. செய்பவன் அறிய வேண்டிய முதல் உண்மை இதுவே.

ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறையின் உறுதி. அதே திருமறை, யாசீன் அத்தியாயத்தில், மனிதர் முற்படுத்தி அனுப்பியவற்றோடு அவர்கள் விட்டுச் சென்ற தடயங்களும் பதிவாகின்றன என்றும் கூறுகிறது. மையித் வீட்டில் நாம் ஓதும் யாசீனில் இவ்வசனம் உண்டு. ஓதும்பொழுது சற்று நின்று சிந்திப்போர் எத்தனை பேர்? பிறன் செய்த பாவம் நம் சுமையன்று. ஆனால் நாம் விட்டுச் சென்ற தடயம் நம்முடையது. கிணறு வெட்டியவனுக்கு அவனுக்குப் பின்னும் நன்மை சேர்கிறது என்று நம்புகிற நாம், எவர் கைக்கும் எட்டுமாறு ஆயுதத்தை விட்டுச் சென்றவன் தடயத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டும்.

ஆகையால்தான் நபிவழி ஆயுதத்தைச் செய்வதோடும் எய்வதோடும் நின்றுவிடாமல், அது ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் பாதையையும் கவனிக்கிறது. அம்புகளோடு பள்ளிவாசலுக்கு வருவோர் முனைகளைப் பிடித்துக் கொள்ள வேண்டும். உறையிலிருந்து உருவிய வாளை அப்படியே கைமாற்றலாகாது. விளையாட்டாகவும் தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது. ஷைத்தான் கையை நழுவச் செய்துவிடுவான். இவை மூன்றும் கெட்ட எண்ணம் உடையவனுக்குச் சொல்லப்பட்டவையல்ல. நல்லெண்ணம் உடையவனுக்கே சொல்லப்பட்டவை. நல்லெண்ணம் போதாது, காவலும் வேண்டும் என்பதே இவற்றின் பொருள்.

நாட்டின் சட்டமும் இக்காவலின் ஒரு பகுதியே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மட்டுமன்று, செய்வதும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், உரிமமின்றிச் செய்வதற்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையும் நீளலாம். 'கலைக்காகச் செய்தேன்' என்னும் சொல் அங்கே செல்லாது. ஆட்சியாளருக்கு அஞ்சி மட்டும் இதனைக் கூறவில்லை. பொதுநலம் கருதி வகுத்த கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டு வாழ்வது நாம் குடிமக்களாக ஏற்றுக் கொண்ட உடன்படிக்கை. உடன்படிக்கையைப் பேணுவது ஈமானின் அடையாளம்.

குறியும் கருணையும்

வேட்டையையும் மார்க்கம் தடுக்கவில்லை, நெறிப்படுத்தியிருக்கிறது. ஈயக் குண்டு பட்டுச் செத்த பிராணி ஹலாலா என்பதில் அறிஞர்கள் வேறுபட்டார்கள். 1836இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு ஆபிதீன் (ரஹ்), குண்டுக்குக் கூர்மையில்லை, அது எரித்தும் மோதியுமே கொல்கிறது, ஆதலால் உண்ணலாகாது என்றார்கள். அதே காலத்தில் யமனில் வாழ்ந்த ஷவ்கானி (ரஹ்), அது துளைத்துச் செல்கிறது, ஆதலால் உண்ணலாம் என்றார்கள். எகிப்தின் மாலிக்கி அறிஞர் தர்தீர் (ரஹ்) கருத்தும் உண்ணலாம் என்பதே. உயிரோடு பிடித்து முறைப்படி அறுத்தால் கருத்து வேறுபாடே இல்லை. செத்த ஒரு காடையைக் கையில் வைத்துக் கொண்டு, 'இது எப்படிச் செத்தது?' என்று இவ்வளவு தூரம் கேட்ட ஒரு சமுதாயத்தின் வாரிசுகள் நாம். தக்க காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியைப் பற்றியும் மறுமையில் விசாரணை உண்டு என்றும், உயிருள்ள ஒன்றைக் குறி பழகும் இலக்காக வைத்தவன் சபிக்கப்பட்டவன் என்றும் நபிமொழிகள் எச்சரிக்கின்றன.

மன்னர்களிடத்தும் இந்த மனச்சான்று விழித்ததுண்டு. 'சங்க்ராம்' என்னும் தம் சிறந்த துப்பாக்கியால் அக்பர், 1568இல் சித்தூர் முற்றுகையில், கோட்டைத் தலைவன் ஜைமாலை வீழ்த்தினார். அவர் மகன் ஜஹாங்கீர் பெரும் வேட்டைப் பிரியர். அவரே, ஐம்பது வயது கடந்த பின் துப்பாக்கியைத் துறந்து, எவ்வுயிருக்கும் தம் கையால் ஊறு செய்வதில்லை என்று நேர்ந்து கொண்டதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். பேரப்பிள்ளை நோயுற்ற நேரத்தில் அந்நேர்ச்சை அவருக்கு நினைவு வந்தது. பிற்காலத்தில் அதனை அவர் முழுமையாகக் காக்கவில்லை. எனினும் ஒரு பேரப்பிள்ளையின் மூச்சுக்காகப் பேரரசர் ஒருவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார் என்பது எண்ணத் தக்கது. நம் தமிழுக்கு உமறுப்புலவர் அளித்த சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை அறியாத முஸ்லிம் இல்லம் உண்டா? அங்கே மாற்றம் அடைந்தது வேடனின் வில்லன்று, வேடனின் நெஞ்சம்.

வேடந்தாங்கலில்

அடுத்த வாரம் பெரியவரையும் பேரனையும் வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றோம். அச்சரப்பாக்கத்திலிருந்து தொலைவில்லை. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் வெள்ளை அரிவாள்மூக்கன்களும் கிளை தெரியாமல் அமர்ந்திருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் இப்பறவைகளைச் சுட்டபொழுது இவ்வூர்க் குடியானவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தம் நலனும் பறவையின் உயிரும் ஒரே நீரில் கலந்திருப்பதைக் கண்டவர்கள். இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. 2022இல் அவ்வேரி ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. இரு நூற்றாண்டுக்கு மேலாக எழாத ஒரு வெடிச்சத்தம்தான் அவ்வூரின் கைவேலை. செய்வது மட்டும் கலையன்று. செய்யவல்ல கை செய்யாமல் இருப்பதும் கலையே.

பேரனிடம் நாம் கூறியது இவ்வளவே: "தம்பி, உன் கைத்திறன் அல்லாஹ் கொடுத்த அமானிதம்; அதை நாங்கள் தடுக்கமாட்டோம். உரிமமின்றித் துப்பாக்கிக் குழலில் கை வைக்காதே. உரிமம் கிடைக்கிற காலம் வந்தாலும், உன் பெயரை அதில் பொறிக்கத் துணிவாயா என்று முதலில் கேட்டுக் கொள். அந்தத் துப்பாக்கி எவர் கைக்குப் போனாலும், மறுமையில் அந்தப் பெயரைப் படித்துக் காட்டும்பொழுது வெட்கப்படாமல் நிற்பாய் என்றால் செய். இல்லையென்றால், தாவூத் நபி (அலை) அவர்களின் பாதை திறந்தே இருக்கிறது. காப்பதற்கு எத்தனையோ பொருள் செய்ய வேண்டியிருக்கிறது." பிள்ளை விடை கூறவில்லை. நெடுநேரம் பறவைகளையே பார்த்துக் கொண்டிருந்தான். அவன் என்ன முடிவு செய்வான் என்பது அவனுக்கும் அவன் ரப்புக்கும் இடையிலானது.

பெரியவருக்கு நாம் கூறியதும் சுருக்கமே. தந்தையாரின் நெல் மூட்டை பிள்ளைகள்மீது வாஜிப் ஆகாது, நிறுத்தியதில் பாவமில்லை. ஆனால் பெற்றோர் மறைந்த பின் அவர்கள் பேணிய உறவைப் பேணுவது பிள்ளைகள் அவர்களுக்குச் செய்யும் நன்மைகளில் ஒன்று. கண்ணிழந்தவரின் மகன் அதே ஊரில் இருக்கிறார் என்று பெரியவரே சொல்லியிருந்தார். "கடமைன்னு வேண்டாம் ஹஜ்ரத், அத்தா ஞாபகமா செய்யறேன்" என்றார்.

கடந்த அறுவடையின்போது ஒரு மூட்டை நெல் அந்தத் திண்ணைக்குப் போயிற்று என்று அறிந்தோம். சுமந்து சென்றவன் பேரன். இந்த முறை ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பவில்லையாம். அவ்வீட்டார் அவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, தம் வீட்டின் உடைந்த வாசற்கதவைக் காட்டினார்களாம். அதனைச் செய்து கொடுக்கப் பையன் அளவெடுத்து வந்திருக்கிறான்.

நம் கைகள் செய்பவற்றையும், செய்து விட்டுச் செல்பவற்றையும் வல்ல அல்லாஹ் நன்மையாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.